பிரிக்கக் கூடாத கடிதம்

வீடு
ஜனவரி 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலமாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவளை நெருங்க எந்த நோய்க்குத் துணிச்சல் வரும்?

கடிதமா என்று திகைக்க வேண்டாம். முற்றுகைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். மார்ச் முதல் ஞாயிறு கோட்டை முற்றுகையை நடித்துக் காட்டி முடிக்கும்வரை உறுப்பினர்கள் வீட்டாரோடு கடிதத்தில்தான் பேச வேண்டும். இருநூறு வருடத்துக்கு முந்தைய சிப்பாயிடம் போன் கிடையாது; அவனுடைய துணியை மட்டும் உடுத்தினால் போதாது, அவனுடைய தவிப்பும் நமக்கு வர வேண்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள். பிறகு முரசு அடிப்பவர் எழுந்து, "எல்லாம் சரிங்க, நம்ம வீட்டுக்காரங்க நம்ம வீட்லயேல்ல இருக்காங்க?" என்றார். சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடிதத்தை நீட்டலாம் என்று முடிவாயிற்று. மனைவி உண்மையிலேயே வெளியூரில் இருக்கும் ஒரே உறுப்பினன் நான்தான். எல்லோரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

என் அங்கி முக்கால்வாசி முடிந்துவிட்டது. தையல் முழுக்கக் கையால்தான். அவுரிச் சாயம் மூன்றாவது தடவை முக்கியபோதுதான் பிடித்தது. குளியலறை வாளிகள் அத்தனையும் நீலம். என் கையும் முழங்கைவரை நீலம். அச்சகத்தில் நான் பிழை திருத்திக் கொடுத்த தாள்களின் ஓரமெல்லாம் நீல ரேகை. முதலாளி கூப்பிட்டு, "ஏன்யா, பிழை திருத்தச் சொன்னா கைநாட்டு வச்சுக் குடுக்கறீரே?" என்றார். வரலாறு என்றேன். "அதை ஞாயித்துக்கிழமை வச்சுக்கும்" என்றார்.

நேற்று பொருள் சோதனை நடந்தது. சோதகர் பொறுப்பு இந்த வருடமும் எனக்குத்தான். நூல், பொத்தான், தோல், வார் எதுவும் அந்தப் போருக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்பது விதி. தளபதியின் பித்தளைப் பொத்தான்களைத் தள்ளிவிட்டேன். அழகான பொத்தான்கள்தான். ஆனால் அந்த அச்சு முற்றுகைக்குப் பன்னிரண்டு வருடம் பிந்தி வந்தது. தளபதி வார நாட்களில் பல் டாக்டர் என்பதால் வலிக்காமல் சொல்லப் பார்த்தேன். "பொருள் சரி. காலம் தவறு." நான் இதைச் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

"யோவ் ஊசிக்கண்ணு, நூறு அடி தள்ளி நின்னு பாக்கறவனுக்குப் பொத்தானோட வயசு எங்கய்யா தெரியப் போகுது?" என்று கத்தினார்.

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

உன் பெரிய கத்தரிக்கோலைக் காணவில்லை. எங்கே வைத்தாய்?

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மருத்துவமனைக் குடியிருப்பு
ஜனவரி 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். அந்தச் சிப்பாய்க்கு என் நன்றியைச் சொல்லவும்.

கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது. நான் இங்கே வந்தபோது கூடவே வந்தது. அதைக் காணோம் என்பது ஒரு வருடம் கழித்து உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பரவாயில்லை, அதுவாவது பட்டதே.

இங்கே இரண்டு அறை, ஒரு ஜன்னல், ஒரு குழாய். வாளியில் தண்ணீர் தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது. வந்த புதிதில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் தலைமை நர்ஸ். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருக்கா?" என்று கேட்டாள். மிலிட்டரி என்றேன். "எந்த ஊர்ல போஸ்டிங்?" என்றாள். "ஊர் பக்கந்தான். காலந்தான் கொஞ்சம் தூரம்" என்றேன். "லீவு குடுக்க மாட்டாங்களா?" என்றாள் பாவமாக. "கோட்டை விழணுமே" என்றேன். அன்றிலிருந்து எனக்குக் காய்கறி வாங்கித் தருகிறாள்.

பாப்பா போன் செய்தாள். புருஷன் வீட்டுக்கு உங்கள் கடிதம் வந்ததாம். "அம்மா, மாமியார் முன்னாடி பிரிச்சேன். ஒரு பக்கம் பூரா நீலமா கைரேகை. இவங்க ஏதோ மந்திரிச்சு அனுப்பியிருக்காருன்னு நினைச்சுட்டாங்க" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, "நீ எப்பம்மா வீட்டுக்குப் போவ?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு வருடத்துக்கு என்றுதான் இந்த மாற்றல் கொடுத்தார்கள். இப்போது நிரந்தரமாக இருக்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள். சம்மதித்தால் ஓய்வு பெறும்வரை இங்கேதான். இல்லையென்றால் ஏப்ரலில் பழைய ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம், அதாவது வீட்டுக்கு. மார்ச் பத்துக்குள் எழுதித் தர வேண்டும். உங்கள் எண்ணம் என்ன?

போன வருடம் உத்தரவு வந்த அன்றும் இப்படித்தான் கேட்டேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமல் "உன் இஷ்டம்" என்றீர்கள். நூல் கோத்து முடியட்டும் என்று நின்றேன். முடிந்ததும் முடிச்சுப் போட ஆரம்பித்தீர்கள். நான் பெட்டியை எடுத்து வைக்கப் போனேன்.

மூக்குக் கண்ணாடி வாங்கியது நினைவிருக்கிறதா? ஒரு மாதம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். ஒரு நாள் உற்றுப் பார்த்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "இந்த ஃப்ரேம் அந்தக் காலத்துல கிடையாது" என்றீர்கள்.

பதிலை, கையில் ஊசி இல்லாத நேரமாகப் பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


வீடு
ஜனவரி 21

பாப்பாவின் அம்மாவுக்கு,

நிரந்தர வேலை பற்றி எழுதியிருந்தாய். நீ விவரம் தெரிந்தவள். உன் இஷ்டம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் அருங்காட்சியகத்தில், முற்றுகையில் இறந்த ஒரு சிப்பாயின் அங்கி இருக்கிறதல்லவா? நீகூட ஒரு தடவை என்னோடு வந்து, உட்கார நாற்காலி இல்லை என்று கோபித்துக்கொண்டாய். அந்த அங்கியின் உள்பையில் ஒரு கடிதம் இருந்திருக்கிறது. அவன் மனைவி எழுதியது. சண்டை அன்று காலையில்தான் தபால் வந்ததாம். பிரிக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. அருங்காட்சியகமும் இன்றுவரை பிரிக்கவில்லை. மடிப்பும் அரக்கும் அப்படியே இருக்கின்றன. அதுதான் அதன் மதிப்பே.

அந்தச் சிப்பாயின் வேடம் எனக்கு. வருடா வருடம் நான்தான் சாகிறேன். இந்த வருடம் செத்தவனின் உடைமை அத்தனையையும் அசல்போலச் செய்து காட்சிக்கு வைக்கிறோம். வெளியூர்க் குழுக்களும் வருகின்றன, போட்டி உண்டு. முதுகுப்பை, தண்ணீர்க் குடுவை, சவரக் கத்தி, எலும்புப் பொத்தான் எல்லாம் தயார். கடிதம் மட்டும்தான் பாக்கி. மனைவி கையால் எழுதியதாக இருக்க வேண்டும். தளபதியின் மனைவி நான் எழுதித் தருகிறேனே என்றார். மறுத்துவிட்டேன். அடுத்தவர் மனைவியின் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாவது முறையல்ல.

தடித்த தாள், உறை கிடையாது. தாளையே மூன்றாக மடித்து ஓரத்தைச் செருகி அரக்கு வைக்க வேண்டும். முத்திரைக்கு என் அங்கியின் பொத்தான் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அரக்கு சூடாக இருக்கும்போதே அழுத்து. மை பின்பக்கம் ஊறித் தெரிய வேண்டும், அசலில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது. மளிகைச் சாமான் பெயர்களை எழுதினாலும் சரி. யாரும் பிரிக்கப் போவதில்லை, நான் உட்பட. இது உறுதி. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினால் சோதனையில் எனக்கே தெரிந்துவிடும்.

சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மருத்துவமனைக் குடியிருப்பு
ஜனவரி 30

பாப்பாவின் அப்பாவுக்கு,

படிக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டு மனைவியிடம் கடிதம் கேட்ட முதல் புருஷன் நீங்களாகத்தான் இருக்கும். மற்றவர்கள் உறுதி கொடுக்காமலே படிப்பதில்லை.

கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. தாளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தேன். மடிப்பு நீங்கள் சொன்ன மாதிரியே. அரக்கு எங்கள் கிடங்கில், விஷ மருந்துப் பொட்டலங்களுக்கு வைப்பது. தலைமை நர்ஸ் மெழுகுவர்த்தி பிடித்தாள். "போர்முனைக்கா அக்கா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தக் குறிப்பை நீங்கள் பிரிக்கலாம். பிரித்திருப்பீர்கள்.

மளிகைச் சாமான் எழுதவில்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பாப்பாவின் அம்மா


(மடிப்பின் மேல், அரக்குக்கு அடியில்: நதிக்கரைப் பாசறையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு)

என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போருக்குப் போனதிலிருந்து இங்கே மழை இல்லை. மாடு கன்று போட்டது. பிள்ளைகள் உங்களைக் கேட்டு அழுகின்றன.

அந்தக் காலத்து மனைவி இப்படித்தான் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன். எழுத்துத் தெரியாதவளாக இருந்தால் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லியிருப்பாள். அப்போது இன்னும் குறைவாகத்தான் சொல்லியிருப்பாள். போதும். எனக்கு வேஷம் வராது.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். நீல வாளி இருக்கட்டும், முன்னறையில் ஊற வைத்த தோலின் நாற்றம் இருக்கட்டும். இங்கே தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

ஆனால் நானாக வர மாட்டேன். "உன் இஷ்டம்" என்கிறீர்கள். அதில் என் இஷ்டம் மட்டுந்தான் இருக்கிறது. உங்கள் இஷ்டம் என்னவென்று இத்தனை வருடமும் நானேதான் ஊகித்துக்கொண்டேன். சாப்பாட்டில், சம்பந்தம் பேசுவதில், பாப்பாவுக்குப் பெயர் வைப்பதில்கூட. இந்த ஒரு தடவை நீங்கள் சொல்ல வேண்டும். வா என்று

ஒரு சொல் போதும்.

மார்ச் பத்துவரை காத்திருப்பேன். அன்று மாலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதை நேரே கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நேரே கேட்டேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவை கேட்டால் இரக்கப்பட்டுச் சொல்வீர்கள். அது எனக்கு வேண்டாம். பிரிக்க மாட்டேன் என்று நீங்களே சொன்னதைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு உங்களுக்கு ஆசை இருந்து, அதற்கப்புறம் வா என்றால் அது அசல். உங்களோடு குடித்தனம் நடத்தியதில் அசல் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

நெஞ்சுக்கு மேலே மனைவியின் கடிதம் ஒரு மாதம் இருக்கும். அதைப் பிரிக்காமலிருக்க உங்களால் முடியாது. முடியக் கூடாது.

உங்கள் மனைவி


வீடு
பிப்ரவரி 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதம் தேறிவிட்டது!

நேற்றைய சோதனையில் முதலில் எடுத்துக்கொண்டதே அதைத்தான். தாள் சரி. மடிப்பு சரி. அரக்கு கொஞ்சம் அதிகச் சிவப்பு, ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படியும் ஒன்று இருந்ததற்குச் சான்று தேடி எடுத்துவிட்டேன். முத்திரை கச்சிதம். மை பின்பக்கம் நன்றாக ஊறியிருக்கிறது. மடிப்பின் முதுகில் ஒரு வரி தனியாக, இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறது. பிரமாதமான யோசனை. அசலில்கூட இவ்வளவு அழகாக இல்லை.

தளபதி கையில் வாங்கி எடை பார்த்தார். "நெறைய எழுதியிருக்காங்க போலய்யா. பிரிச்சுப் பாரேன்" என்றார்.

"பிரிச்சா அப்புறம் இது வெறும் கடுதாசி" என்றேன்.

தளபதி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார், மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். என் உறுதியை மெச்சினார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கியின் உள்பையை உன் கடிதத்தின் அளவுக்குப் பிரித்து மறுபடி தைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுதும் ஆயிற்று. ஒவ்வொரு தையலும் ஒரே நீளம். நீ பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


வீடு
மார்ச் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கிடங்கில் வேலை அதிகம் போலிருக்கிறது. போன் தடை ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. என்றாலும் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. போனில் எனக்கு என்ன பேசுவதென்றும் தெரிவதில்லை.

இந்த வருடம் நான் செத்தது மிக நன்றாக அமைந்தது. இரண்டாவது வெடிக்கு விழுந்தேன். மல்லாக்க விழாமல் ஒருக்களித்து விழுந்ததால் அங்கியின் உள்பக்கத் தையல் பார்வையாளர்களுக்குத் தெரிந்தது. வெயிலில் அப்படியே கிடந்தேன். "தாத்தா நெஜமாவே தூங்கிட்டாரும்மா" என்று ஒரு குழந்தை சொன்னது. அது மட்டும்தான் குறை.

பிறகு காட்சி. வெளியூர்க் குழுக்களின் நடுவர்கள் என் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்கள். ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள நெஜமாவே எழுதியிருக்கா?" என்று கேட்டார். மனைவி எழுதியது என்றேன். "என்ன எழுதியிருக்காங்க?" என்றார். தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார்.

முதல் பரிசு நமக்குத்தான். வாங்கும்போது, பிரித்தால் இது வெறும் கடுதாசி என்று அன்று சொன்னதையே மேடையிலும் சொன்னேன். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அருங்காட்சியகக் காப்பாட்சியர் மேடையேறி, மொத்த உடைமையையும் நிரந்தரக் காட்சிக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அசல் அங்கியின் பக்கத்திலேயே நம் அங்கி இருக்கும். கடிதத்துக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி, தனி எண். விளக்கப் பலகையை நானே எழுதிக் கொடுத்தேன். உன்னையும் குறிப்பிட்டிருக்கிறேன். "எழுதியவர்: சிப்பாயின் மனைவி. அடையாளம் தெரியவில்லை."

உனக்குப் பெருமையாக இருக்கும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மருத்துவமனைக் குடியிருப்பு
மார்ச் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

பரிசுக்கு வாழ்த்துகள். நன்றாகச் செத்ததற்கும்.

பத்தாம் தேதி மாலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஓய்வு பெறும்வரை இந்த ஊர்தான். உங்கள் நான்காம் தேதிக் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. இன்னொன்று வந்தாலும் வரும் என்று பத்தாம் தேதித் தபாலையும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். கேட்டேன். கேட்டது இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எண் உங்களுக்கே தெரியும்.

பிரிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள், பிரிக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர். குறை சொல்ல எனக்கு ஓர் இடம்கூட வைக்கவில்லை.

இப்படிக்கு,
அடையாளம் தெரியாத மனைவி


வீடு
மார்ச் 20

உனக்கு,

கடிதம் கிடைத்ததும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அச்சகத்துக்குச் சொல்லாமல் போனேன். காப்பாட்சியர் நம் பாப்பா வயதுப் பெண். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். ஒரு நிமிடம் அந்தக் கடிதத்தைப் பிரித்துக் கொடு அம்மா என்றேன்.

"சார், அது இப்ப அருங்காட்சியகப் பொருள் சார்."

"என் மனைவி எனக்கு எழுதினதும்மா."

"பலகையில அப்படி இல்லையே சார். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அவசரமா ஒண்ணு கேட்டிருக்கா. நான் பாக்கல."

"பிரிச்சா அது வெறும் கடுதாசின்னு பரிசு வாங்கினப்போ நீங்க பேசினது, சுவத்துல மாட்டியிருக்கோம் சார்."

மாட்டித்தான் இருக்கிறார்கள். என் பெயரோடு. என் சொற்களை என்னைவிட நன்றாகக் காப்பாற்றுகிறார்கள்.

கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றேன். மடிப்பின் முதுகில் தனியாகத் தெரியும் அந்த வரி. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். இடம் வலம் மாறிய எழுத்தைப் படிக்கத் தெரியாதவனல்ல. இத்தனை நாளும் அதை மை என்றுதான் பார்த்தேன். எழுத்து என்று பார்க்கவில்லை. காவலாளி வந்து, "சார், கண்ணாடியில மூச்சுப் படுது. தள்ளி நில்லுங்க" என்றார். அதற்குள் படித்துவிட்டேன்.

ஒரு சொல் போதும்.

எந்தச் சொல் என்பது உள்மடிப்பில் இருக்கிறது போலும். அது தெரியவில்லை. முந்தைய வரியும் தெரியவில்லை. அடுத்ததும் தெரியவில்லை. அங்கே இருந்த பெஞ்சில், நீ கோபித்துக்கொண்ட இடத்தில் இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து யோசித்தேன். நீ என்னிடம் கேட்கக்கூடிய சொல் எத்தனை இருக்க முடியும்?

முற்றுகைக்கு முந்தின இரவு, குழுவின் முகாமில் ஒரு முறை அந்தக் கடிதத்தை வெளியே எடுத்தேன். உன்னிடம் இதை மறைக்க மனமில்லை. கத்தி முனையை அரக்குக்கு அடியில் கொடுக்கவும் செய்தேன். பிறகு வைத்துவிட்டேன். உள்ளே மளிகைச் சாமான் மட்டும் இருந்துவிடுமோ என்று பயந்தேன் என்றால் நீ சிரிப்பாய். வேறு ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. பிரிக்காதவரை இரண்டும் இல்லை. அந்தச் சிப்பாய்க்கு நேரம் இல்லை. எனக்கு ஒரு மாதம் இருந்தது.

சாயம் ஊற வைத்திருந்த வாளிகளைக் கழுவிவிட்டேன். கறை முழுக்கப் போகவில்லை.

அந்த மூக்குக் கண்ணாடி உனக்கு நன்றாக இருந்தது. அன்றைக்கே தோன்றியது. வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

நீ கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. இது ஊகம் அல்ல, என் இஷ்டம்.

வா.

உன்
(எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை)


மருத்துவமனைக் குடியிருப்பு
மார்ச் 29

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வந்த உடனே பிரித்துவிட்டேன். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மருந்துச் சீட்டு வாங்கி வாங்கி அடுக்கும்போது இடையில் எடுத்துப் படித்தேன். டாக்டர்களின் கையெழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு உங்கள் கையெழுத்து மிகத் தெளிவு. தப்பாகப் படித்திருப்பேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எதிர் வீட்டு நர்ஸ், "என்னக்கா, கோட்டை விழுந்துருச்சா?" என்று கேட்டாள். விழுந்துவிட்டது என்றேன். "அப்ப வந்துருவாருல்ல?" என்றாள். அவள் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

காப்பாட்சியர் பெண்ணை இனித் தொந்தரவு செய்ய வேண்டாம். அந்தக் கடிதம் அப்படியே இருக்கட்டும். அதை எழுதியவள் பத்தாம் தேதி மாலைவரை இருந்தாள். இன்றைக்கு நான் அதைப் பிரித்துப் படித்தால் எனக்கே யாரோ எழுதிய மாதிரிதான் இருக்கும். உங்கள் பலகையில் பிழை இல்லை.

என் பங்கும் இதில் உண்டு. பிரிக்கக் கூடாத தாளுக்குள் கேள்வியை வைத்து, விஷ மருந்து அரக்கால் மூடி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து இருந்தது. வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. நீங்கள் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவனாக வேஷம் போட்டீர்கள். சொல்லாமலே புரிந்துகொள்ளும் புருஷன் ஒருவன் எனக்கு இருக்கிறான் என்று நான் வேஷம் போட்டேன். உங்கள் ஆளுக்காவது அருங்காட்சியகத்தில் ஓர் அங்கி இருக்கிறது. என் ஆள் எந்தக் காலத்திலும் இருந்ததற்குச் சான்று கிடையாது.

கத்தரிக்கோலைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த அங்கிக்கு உதவும். சாணை பிடித்துவிட்டேன். கவனமாக எடுக்கவும்.

வாளிகளை வெயிலில் காய வையுங்கள். கறை மெல்லப் போகும்.

நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் கைதான், உங்கள் மைதான். ஓரத்தில் நீல ரேகைகூட இருக்கிறது. போலி என்று தள்ளிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடியவில்லை. சோதகர் இடத்தில் நீங்கள் இருந்தால் இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வீர்கள் என்று யோசித்தேன். அதையேதான் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருள் சரி. காலம் தவறு.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா